ஆடத் தெரிந்தவர் எல்லாம் பயிற்றுநரா?



ஆசிரிய நண்பர்களின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வலம் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெண் பயிற்றுநர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே தம் கல்லூரிக் கைப்பந்து அணியை நாட்டின் வெற்றியாளராக்கினார் என்பது அச்செய்தி. அதன் கீழே யாரோ சேர்த்துவிட்ட வரி ஒன்றும் உண்டு: ‘அவரால் முடிகிறது, ஒரு தலைவலிக்கு எம்.சி. எடுக்கும் நம்மால் முடியாதா?’

செய்தி உண்மைதான். அந்தக் கீழ்வரியோடுதான் எனக்கு வழக்கு.

அவர் பெயர் கேட்டி ஷூமேக்கர் கௌலி. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மகளிர் கைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநர். அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரரும் ஆவார். 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டம்வரை வந்து தோற்றுப்போன அப்பல்கலைக்கழகம், 1999ஆம் ஆண்டு ஹொனலுலு நகரில் ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தித் தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. அந்த அணியில் ஆடியவர் இவர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், அதே பல்கலைக்கழகத்தின் எட்டாவது பட்டத்தைப் பயிற்றுநராக நின்று பெற்றுத் தந்தார். லூயிவில் நகரில் 21,000க்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கில், சொந்த ஊர் அணியான லூயிவில் பல்கலைக்கழகத்தை 25-23, 32-34, 25-20, 25-17 என்று நான்கு செட்டுகளில் வென்றது அவருடைய அணி.

இறுதியாட்டத்தைவிட அதற்கு மூன்று நாள் முன்னர் நடந்த அரையிறுதிதான் பார்க்கத்தக்கது என்பேன். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திடம் முதல் இரண்டு செட்டுகளைப் பறிகொடுத்துவிட்டார்கள். நான்காவது செட்டில் 16-22 என்று பின்தங்கி நின்றார்கள். இன்னும் மூன்று புள்ளி போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாகப் பொறுக்கியெடுத்து, எதிரணி வெற்றிப் புள்ளியை எட்டிய பிறகும் தடுத்து, 28-26 என்று அந்தச் செட்டை எடுத்தார்கள். ஐந்தாவது செட்டு 15-13. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் பொறுப்பில் அன்று நின்றவர் முதலாண்டு மாணவி. பயிற்றுநர் அப்போது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டுப் பருவம் தொடங்கிய பிறகுதான் அவருக்கு இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அக்டோபரில் அதனை வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

இப்போது அந்தக் கீழ்வரிக்கு வருகிறேன்.

நோயுற்ற ஒருவர் வேலைக்கு வருவதும் வராதிருப்பதும் அவரும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்யவேண்டியவை. ஷூமேக்கர் கௌலி வந்தார்; அஃது அவருடைய தேர்வு. அதனைப் போற்றலாம். ஆனால், ஒருவருடைய தேர்வை எடுத்து மற்றவர் முதுகில் அடிக்கும் பிரம்பாக்குவது எந்த வகை நியாயம்? அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழக அணி என்றால் துணைப் பயிற்றுநர்கள், உடற்பயிற்சி வல்லுநர்கள், மருத்துவ உதவியாளர்கள் என ஒரு பட்டாளமே உண்டு. தலைமைப் பயிற்றுநர் ஒரு நாள் அமர்ந்தே பயிற்சி நடத்தினாலும் ஆட்டம் நின்றுவிடாது. நம் பள்ளியில் வலைப்பந்து அணிக்குப் பொறுப்பான ஆசிரியை, காலையில் ஐந்து பாடவேளை நடத்தி, கணினியில் வருகைப் பதிவையும் மதிப்பீட்டையும் ஏற்றி, பெற்றோர் தொலைபேசிக்குப் பதில் சொல்லி, பிற்பகல் மூன்று மணி வெயிலில் ஊதலோடு தனியாகத் திடலில் நிற்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பயிற்சி இல்லை, அவ்வளவுதான். இந்த இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவோர் திடல் பக்கம் வந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே, ஆசிரியர்களின் ஈகத்துக்கு எடுத்துக்காட்டாக இக்கதையைச் சொல்வதை நிறுத்துவோம். இதில் நமக்குப் பயன்படும் செய்தி வேறிடத்தில் இருக்கிறது. அது பரபரப்பற்றது, ஆதலால் யாரும் பகிர்வதில்லை.

அந்த அம்மையார் பட்டம் வென்ற மறுநாளே பயிற்றுநர் நாற்காலியில் வந்து அமர்ந்தவர் அல்லர். தம் சொந்த ஊரான ஷிகாகோவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் கிளையின் அணிக்கு 2009 தொடங்கி 2016வரை எட்டுப் பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். கைப்பந்து உலகில் பேர்பெற்ற இடம் அன்று அது. தொலைக்காட்சி வருவதில்லை; நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்கள் அங்கே சேர வரிசையில் நிற்பதுமில்லை. பிறகு 2017இல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு. (பெயர் ஒத்திருப்பினும் இது பென் ஸ்டேட் அன்று, வேறு பல்கலைக்கழகம்.) அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுத்து மாணவரைச் சேர்க்கும் வழக்கமே இல்லை. இருப்பவர்களைக் கொண்டுதான் அணி கட்டவேண்டும். நம் தமிழ்ப்பள்ளிப் பொறுப்பாசிரியர்களுக்கு இந்நிலை நன்றாகவே புரியும்!

2018இல் அவர் பென் ஸ்டேட்டுக்குத் திரும்பினார். எந்தப் பதவிக்குத் தெரியுமா? துணைப் பயிற்றுநராக. ஒன்பது பருவங்கள் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், தமக்கு ஆட்டம் கற்பித்த அதே ரஸ் ரோஸ் என்னும் பயிற்றுநரின் கீழே, ஒரு படி இறங்கி வந்து வேலை செய்தார். ரோஸ் சாதாரணமானவர் அல்லர். 1979 முதல் 2021வரை 43 பருவங்கள் அந்த அணியை நடத்தியவர். ஏழு தேசியப் பட்டங்கள் பெற்றவர். 2007 முதல் 2010வரை தொடர்ந்து நான்கு முறை வென்றவர். இடையில் 109 ஆட்டங்கள் அவருடைய அணி தோல்வியையே காணவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2022இல்தான் மாணவி தலைமைப் பயிற்றுநரானார். அதன் பிறகும் முதல் இரண்டு பருவங்களில் பட்டம் இல்லை.

கூட்டிப் பாருங்கள். பெயர் தெரியாத இடத்தில் எட்டு ஆண்டு, உதவித்தொகை இல்லாத இடத்தில் ஓர் ஆண்டு, பழைய ஆசானுக்குத் துணையாக நான்கு ஆண்டு. அதற்குப் பின்பே கோப்பை. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் விட்டுவிட்டு, ‘முன்னாள் நட்சத்திரம் திரும்பி வந்தார், வென்றார்’ என்று சொல்வது பாதிக் கதைகூட ஆகாது.

நம்மிடையே நடப்பதென்ன? புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் கல்லூரியில் கைப்பந்து ஆடியவர் என்று தெரிந்துவிட்டால் போதும். ‘நீங்கள்தாம் ஆடியவராயிற்றே, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அணியை ஒப்படைத்துவிடுகிறோம். ஆடியவர் யாரும் இல்லையெனில், வயதில் இளையவர் யாரோ அவர் தலையில் கட்டிவிடுகிறோம். இரண்டிலும் ஒரே பிழையான எண்ணந்தான் உள்ளது. பயிற்றுவித்தல் தனியே கற்கவேண்டிய ஒரு தொழில் என்பதனை நாம் ஏற்பதில்லை. கணிதத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவரை நேரே இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, ‘உங்களுக்குத்தான் கணக்குத் தெரியுமே’ என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். அதற்கெனப் பயிற்சி உண்டு, கண்காணிப்பு உண்டு, பாடத்திட்டம் உண்டு. திடலுக்கு மட்டும் ஒன்றும் வேண்டா!

நன்றாக ஆடியவர்களிடம் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பந்து வரும் திசையை அவர்கள் உடம்பு தானாகவே அறிந்துகொள்கிறது. எப்படி அறிந்தது என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிவதில்லை. பத்து வயதுப் பிள்ளை பந்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்று சினம் வருகிறது. சொற்களால் விளக்க முடியாதவர் குரலை உயர்த்துகிறார். மாவட்ட நிலையில் ஆடிய அண்ணன்மார் சிலர் நல்ல மனத்தோடு பயிற்சி தர வந்து, இரண்டே வாரத்தில் பாதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவைத்த கதை உங்கள் பள்ளியிலும் இருக்கும்.

இன்னொன்று. ஆட்டமே மாறிவிடுகிறது. ஷூமேக்கர் கௌலி 1999இல் வென்றபோது அமெரிக்கக் கல்லூரிகளில் பழைய கணக்கு இருந்தது. பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் அணிக்கு மட்டுமே புள்ளி. பதினைந்து புள்ளிக்கு ஒரு செட்டு. லிபரோ என்று வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையைக் காக்கும் ஆட்டக்காரர் அப்போது அங்கே கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறையும், பின்னர் லிபரோவும், 25 புள்ளிச் செட்டும் அதன் பிறகு வந்தவை. அதாவது, அவர் ஆடி வென்ற ஆட்டமும் பயிற்றுவித்து வென்ற ஆட்டமும் ஒன்றல்ல. பழைய பதக்கத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் அவர் 1999லேயே நின்றிருப்பார். ‘நாங்கள் ஆடிய காலத்தில்...’ என்று தொடங்கும் பயிற்றுநர்களைக் காணும்போதெல்லாம் இஃது எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த இறுதியாட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்ற பயிற்றுநரையும் பெற்றோர்கள் அறிந்துகொள்ளவேண்டும். டேனி பஸ்பூம் கெல்லி. நெப்ராஸ்காவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பண்ணை வீட்டுப் பெண். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் செட்டராக ஆடியவர், இறுதியாண்டில் தம் இடத்தை விட்டுக்கொடுத்து லிபரோவாக மாறினார். அந்த 2006ஆம் ஆண்டுதான் அவருடைய அணி தேசியப் பட்டம் பெற்றது. பிறகு தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே துணைப் பயிற்றுநராகி, 2015ஆம் ஆண்டுப் பட்டத்தில் பங்கு பெற்றார். 2017இல் லூயிவில் அணிக்குத் தலைமையேற்று, 2022இலும் 2024இலும் இறுதியாட்டம்வரை கொண்டுசென்றார். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நான்கு பட்டங்கள் வென்ற ஜான் குக் ஓய்வு பெற்றதும், தாய்க்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. திரும்பி வந்த முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் காலிறுதிவரை வந்த நெப்ராஸ்கா, அங்கே டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியிடம் ஐந்து செட்டுகளில் வீழ்ந்தது. அந்த டெக்சாஸ் அணிதான் அவ்வாண்டு பட்டமும் பெற்றது.

செட்டர் இடத்தை விட்டுவிட்டு லிபரோவாதல் என்றால் என்னவென்று ஆடியவர்களுக்குத் தெரியும். செட்டர் அணியின் மூளை. ஒவ்வொரு தாக்குதலும் அவர் கை வழியே போகவேண்டும். லிபரோ வலைக்கருகே வந்து அடிக்க முடியாது. தரையில் விழுந்து விழுந்து பந்தை எடுப்பதே வேலை. ‘என் மகளை ஏன் முன்வரிசையில் போடவில்லை?’ என்று பள்ளி அலுவலகத்துக்கு வந்து கேட்கும் பெற்றோர், இந்தப் பெண்ணின் இறுதியாண்டைச் சற்று எண்ணிப்பார்க்கலாம். ஆட்டத்தை இரண்டு இடங்களிலிருந்து பார்த்தவர் என்பது பின்னாளில் பயிற்றுநராக அவருக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த இறுதியாட்டத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இரு பக்கமும் பெண் பயிற்றுநர்கள். ஆகவே, யார் வென்றாலும் வரலாறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1981இல் மகளிர் கைப்பந்துப் போட்டியைத் தொடங்கியது. அது முதல் 2023வரை நடந்த 43 போட்டிகளிலும் பட்டம் வென்ற அணிகளின் தலைமைப் பயிற்றுநர் அனைவரும் ஆண்கள். பெண்கள் ஆடும் ஆட்டம். நாற்பத்து மூன்று முறையும் ஆண் பயிற்றுநர்! அதற்கு முன்னர், பெண்களே நடத்திய வேறோர் அமைப்பின் கீழ்ப் போட்டிகள் நடந்த காலத்தில், பெண் பயிற்றுநர் தேசியப் பட்டம் வென்றதுண்டு. இடையில் நடந்ததென்ன?

இங்கேதான் ஒரு கசப்பான உண்மை. 1972இல் அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. அச்சமயத்தில் கல்லூரி மகளிர் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்கள். சட்டத்தால் மகளிர் விளையாட்டுக்குப் பணம் வந்தது, சம்பளம் வந்தது, மதிப்பு வந்தது. கூடவே ஆண்களும் வந்தார்கள். பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊதியமில்லாத வேலையாக இருந்தவரை அது பெண்களின் வேலை. ஊதியம் வந்ததும் வேறு கணக்கு. இந்நிகழ்ச்சி விளையாட்டில் மட்டுமா நடக்கிறது? சமையலைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுக்கும் மீண்டும் ஆண்களே பயிற்றுநர்கள். ஒரு வெற்றியால் ஊர் மாறிவிடவில்லை.

ஆண்கள் பெண்களுக்குப் பயிற்சி தரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரோஸ் என்ற ஆண்தான் ஷூமேக்கர் கௌலியை உருவாக்கினார். ஆனால், நம் தொடக்கப்பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதி. அப்படியிருந்தும் திடலில் ஊதல் யார் கையில்? வலைப்பந்து ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஆண் ஆசிரியரிடம். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு உடல் மாறத் தொடங்கும் காலம். வயிற்று வலி என்று சொல்ல அவள் யாரிடம் போவாள்? சொல்லக் கூசி, பயிற்சியையே விட்டுவிடுகிறாள். ‘படிப்புக் கெடுகிறது’ என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஆறாம் ஆண்டு வந்ததும் பிள்ளையைத் திடலிலிருந்து விலக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. மகனை ஒரு மாதிரியும் மகளை ஒரு மாதிரியும் விலக்குகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பூப்பந்து மட்டையோடு மாலையில் வெளியே போகும் மகனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

2011இல் கல்வி அமைச்சு ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நல்ல கொள்கை. எல்லாப் பிள்ளைகள் பெயரும் ஏதாவதொரு விளையாட்டின் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் பெயர் ஏறுவதற்கும் பந்து கைக்கு வருவதற்கும் இடையில் ஒரு பயிற்றுநர் வேண்டும். அதனைக் கொள்கை ஓலையால் உருவாக்க முடியாது.

முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டி நாளில் சட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள், கோப்பை வாங்கித் தருகிறீர்கள், குளிர்பானம் வழங்குகிறீர்கள். மிக்க நன்றி. ஆனால், உங்களுள் இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் மாநில நிலையிலும் ஆடிய பெண்கள் இருக்கிறார்கள். திருமணம், வேலை, பிள்ளைகள் என்று ஆட்டத்தைவிட்டு விலகியவர்கள். அவர்களைத் தேடி அழைத்து வாருங்கள். பரிசு எடுத்துக் கொடுக்க வேண்டா. வாரம் இரண்டு பிற்பகல் துணையாக நிற்க. முதல் ஆண்டில் பொறுப்பாசிரியருக்குக் கீழே நின்று பந்து பொறுக்கட்டும். பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொள்ளட்டும். கூடவே, அடிப்படைப் பயிற்றுநர் பயிற்சிக்கு அனுப்பி, அதற்குரிய கட்டணத்தைச் சங்கமே ஏற்கட்டும். முப்பது சட்டை வாங்கும் பணத்தில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாமே! போக்குவரத்துக்கு ஒரு தொகையும் கொடுக்கவேண்டும். ‘சேவை’ என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். மேலே சொன்ன அமெரிக்கக் கதையின் மறுபக்கம் அது.

பள்ளிப் பாதுகாப்பு விதிகளைக் கருதித் தலைமையாசிரியர்கள் தயங்கக்கூடும். தயங்குவது முறைதான். எழுத்துப்பூர்வ ஒப்புதல், பொறுப்பாசிரியர் உடனிருத்தல், பெற்றோருக்கு முன்னறிவிப்பு ஆகியன இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு விடை கிடைத்துவிடும்.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கு இதனையே தீர்மானமாக முன்வைக்க இருக்கிறேன்: அடுத்த ஆண்டு விளையாட்டுச் சட்டைச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, முன்னாள் மாணவிகள் இருவரைப் பயிற்றுநர் பயிற்சிக்கு அனுப்புவது. ‘சட்டை இல்லாமல் பிள்ளைகள் போட்டிக்குப் போவதா?’ என்ற எதிர்ப்பு வரும் என்று இப்போதே தெரியும். சென்ற ஆண்டுச் சட்டைகள் பண்டக அறையில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டத்துக்கு முன்னர் எடுத்துவைக்க எண்ணியுள்ளேன். உங்கள் பள்ளியில் இப்படி யாரேனும் முயன்றிருந்தால், செலவுக் கணக்கோடு எழுதி அனுப்புங்கள்.